கரி பஸ்ஸில் ஒரு வெந்நீர் அருவி

பஸ் ஓட்டுகிறவனுக்கு இரண்டு எஜமானர்கள்: ஒருவர் முதலாளி, இன்னொன்று என்ஜின். முதலாளிக்குக் கோபம் வந்தால் வாயால் திட்டுவார். என்ஜினுக்குக் கோபம் வந்தால் மூடியைத் தூக்கி எறிந்து முகத்தில் வெந்நீரைக் கக்கும். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸையெல்லாம் கரியில் ஓடவிட்டார்களே, அப்போது ஸ்டியரிங் பிடித்த சகோதரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வண்டிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பீப்பாய். அதற்குள் அடுப்புக்கரி புகையும். அந்தப் புகையில் என்ஜின் ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்லுகிற வார்த்தை. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு மூன்று மைல்தான்; தலையில் பூக்கூடையோடு நடந்து போகிறவள் எங்களை முந்திப் போய், அங்கே பூவும் விற்றுவிட்டு, எதிரே திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தடத்திலும் செங்கோட்டைத் தடத்திலுமாக மாறி மாறி ஓட்டிக்கொண்டிருந்தேன். என்ஜின் சூட்டை வைத்து நான் ஒரு குளியல் ஏற்பாடு செய்த கதை இது. என்னோடு கஷ்டப்பட்டவர்கள் சிரிக்கலாம். மற்றவர்கள் நம்பினால் போதும்.

வைத்தியர் கேட்ட அருவி

என் மனைவி கோமதிக்கு அந்த வருஷம் தை மாதத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, போகிறபோது வலது தோளைப் பூட்டிச் சாவியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது. கரண்டி பிடிப்பாள், கோலம் போடுவாள், தலை மட்டும் பின்ன முடியாது. தினமும் காலையில் பக்கத்து வீட்டுக்காரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அந்த அம்மாள் சும்மா பின்னுவாளா? தெருவிலுள்ள எல்லார் கதையையும் ஒரு சுற்றுச் சுற்றி, கடைசியில் எங்கள் வீட்டுக் கதையில் வந்து முடி போடுவாள். கோமதி ரோஷக்காரி. ஒரு நாள் நானே பின்னிவிடுகிறேன் என்று சீப்பை எடுத்தேன். முடித்ததும் கண்ணாடியில் பார்த்தாள். அவிழ்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

குற்றாலத்தில் ஒரு வைத்தியர் இருந்தார். தைலம் கொடுத்தார், வலது மணிக்கட்டில் ஒரு செம்புக் காப்பும் போட்டுவிட்டார். அதோடு, தோளில் வெந்நீர் உயரத்திலிருந்து கால் மணி நேரம் விடாமல் விழ வேண்டும், நாற்பத்தெட்டு நாள், ஒரு நாள் விட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். நான் முக்காலி மேல் ஏறி நின்று அண்டா வெந்நீரைச் செம்பு செம்பாக ஊற்றினேன். மூன்றாம் நாள் என் தோள் பிடித்துக்கொண்டது. வீட்டில் இரண்டு பேருக்கும் கை தூக்க முடியவில்லை என்று வைத்தியரிடமே போய் நின்றேன். அவர் என் தோளிலும் தைலத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: “இங்கன இத்தன அருவி விழுது, எல்லாம் பச்சத்தண்ணி. வெந்நி அருவி வேணும்னா நீருதான் ஒரு மலையத் தேடணும் டிரைவர்.”

துருப்பிடித்த குளியல்

மலை ஷெட்டிலேயே நின்றது. தினமும் சாயங்காலம் கடைசி நடை முடிந்து வந்ததும் ரேடியேட்டரில் கொதிக்கிற தண்ணீரைத் திறந்து சாக்கடையில் விடுவோம். பதினைந்து வருஷமாக விட்டுக்கொண்டிருந்தவனுக்கு அன்றைக்குத்தான் கண் திறந்தது. கிளீனர் சுடலைமுத்து அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காலையில் கரி அடுப்புக்குக் காற்றடிக்கிற சக்கரத்தை அரை மணி நேரம் சுற்றுவதும், நாள் முழுக்கக் கரி அள்ளிப் போடுவதும் அவர் வேலை. சாயங்காலத்தில் அவரிடம் சொந்த நிறத்தில் மிஞ்சுவது கண்ணும் பல்லும்தான். “பொம்பளப்பிள்ள தலையில நேரா ஊத்தாதீங்க தம்பி. மொதல்ல எம்மேல ஊத்திப் பாருங்க” என்று கோவணத்தோடு வந்து குந்தினார்.

ஊற்றினேன். என்ஜினுக்குள் இத்தனை வருஷம் சேர்ந்திருந்த துரு அத்தனையும் செங்கல் கரைத்த மாதிரி அவர் மேல் இறங்கியது. கிரீஸ் நாற்றம் வேறு. மேலே இருந்த கரியும் வந்த துருவும் சேர்ந்து ஒரு புது வர்ணம் உண்டாயிற்று. அண்ணாச்சி இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முன்னயாவது கருப்பா போவேன், வீட்டுல அடையாளம் தெரியும்” என்றார். “இப்ப என்னய எவ உள்ள விடுவா?”

சாவடியில் சோதனை

தண்ணீர் என்ஜினுக்குள் போகக் கூடாது, என்ஜினைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். இது புரிய எனக்கு நாலு நாள் ஆயிற்று. என்ஜினிலிருந்து புகை வெளியேறுகிற குழாய் இருக்கிறதே, ஓடுகிறபோது அதில் பீடி பற்றவைக்கலாம். அதன்மேல் செம்புக் குழாயை ஒன்பது சுற்றுச் சுற்றினேன். பஸ் கூரையில் ஒரு டிரம். டிரம்மிலிருந்து பச்சைத் தண்ணீர் இறங்கி, ஒன்பது சுற்றும் சுற்றிச் சூடேறி, ரப்பர் குழாய் வழியாக வண்டியின் பக்கவாட்டில் ஏழடி உயரத்துக்கு ஏறும். டிரம் அதைவிட உயரத்தில் இருப்பதால் தானாகவே ஏறும். முனையில் செடிக்குத் தண்ணீர் விடுகிற பூவாளியின் மூக்கை வெட்டிப் பொருத்தினேன். செம்புக் குழாயை வளைத்துத் தந்த பாத்திரப் பட்டறைக்காரர் மட்டும், எல்லாம் முடிந்த பிறகு என் காதோரம் குனிந்து, “ஒரு நாளைக்கு எத்தன படி எறங்கும்?” என்று கேட்டார். சாராயம் காய்ச்சத்தான் என்று அவருக்கு முடிவாகிவிட்டது. குளிக்க என்றேன். கண்ணடித்தார்.

மறுநாள் செங்கோட்டை நடை. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்யம். எல்லையில் சுங்கச் சாவடி உண்டு. அங்கிருந்த காவல்காரர் கூரையில் டிரம்மைப் பார்த்தார், பக்கத்தில் ரப்பர் குழாயைப் பார்த்தார், என்ஜின் மூடியைத் தூக்கச் சொல்லிச் செம்புச் சுற்றையும் பார்த்தார். அவர் முகத்தில் பதவி உயர்வே தெரிந்தது. சாரலில் பிரயாணிகள் எல்லாரையும் இறக்கிவிட்டார். நான் பேசிப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பென்று என்ஜினை ஓடவிட்டுக் குழாயைத் திறந்தேன். ஆவி பறக்க வந்தது. விரலில் தொட்டு நக்கினார். மறுபடியும் நக்கினார். பிறகு, காலையிலிருந்து ஈரத்தில் ஊறிக் கிடந்த செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் அதன் அடியில் நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிரயாணிகள் முணுமுணுத்த பிறகுதான் கண்ணைத் திறந்தார். “சாராயம் அல்ல, சம்மதிச்சு” என்றார். “பக்ஷே, இதிலயும் ஒரு லகரி உண்டு கேட்டோ.” லகரி என்றால் மலையாளத்தில் போதை.

இரண்டு தட்டு

எங்கள் வீடு ஷெட்டுக்கு அடுத்த சந்தில். கடைசி நடை முடிந்த பிறகும் பீப்பாயில் கங்கு கிடக்கும். எப்படியும் அது வீணாக அவிந்து போகிற கங்குதான். அந்த மிச்சப் புகையில் கால் மணி நேரம் என்ஜினை ஓடவிடுவேன். ஷெட்டுக்குப் பின்னால் மூன்று பக்கம் ஓலைத் தட்டி, நாலாவது பக்கம் பஸ். கோமதி சேலையோடு உள்ளே நிற்பாள். நான் முன்னால் டிரைவர் சீட்டில். ஆக்சிலேட்டரை மிதித்தால் சூடு ஏறும், விட்டால் ஆறும். கரி வண்டியில் கையால் எதையாவது இழுத்து வைத்துவிட்டு எழுந்து போக முடியாது, இருமி நின்றுவிடும். ஆகவே அவள் குளிக்கிற கால் மணி நேரமும் என் கால் அங்கேயே இருக்க வேண்டும். பெண்டாட்டிக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்த புருஷர்கள் உண்டு. காலால் போட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்த அவளுக்குக் கூச்சம். அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். சூடு போதவில்லை என்றால் வண்டித் தகரத்தில் ஒரு தட்டு. சூடு அதிகம் என்றால் இரண்டு தட்டு. பஸ் ஓட்டுகிற அன்பர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று இப்போதே தெரிந்திருக்கும். ஐந்தாம் நாள் தோள் காந்தியிருக்கிறது. தகரத்தில் இரண்டு முறை தட்டினாள். கண்டக்டர் இரண்டு தட்டுத் தட்டினால் வண்டியை எடுக்க வேண்டும் என்பது என் காலுக்கும் கைக்கும் பதினைந்து வருஷப் பாடம். என்னைக் கேட்காமலே கிளட்ச் அமுங்கியது, முதல் கியர் விழுந்தது, பஸ் கிளம்பியது. ஓலைத் தட்டியில் ஒன்றை இழுத்துக்கொண்டு பத்தடி போன பிறகுதான் எனக்கு உணர்வு வந்தது. இறங்கி ஓடினேன். நனைந்த சேலையோடு, தலையில் சீயக்காயோடு, கிழிந்த ரப்பர் குழாயைப் பார்த்துக்கொண்டு கோமதி நின்றாள். காய்ச்சல் வந்த பிறகு முதன்முறையாகச் சிரிப்பை அடக்கமாட்டாமல் சொன்னாள்: “ஒரு ஆளு ஏறாம நிக்கேன்லா, அதுக்குள்ள வண்டிய எடுத்துட்டியளே!”

அன்றைக்கே அவள் கூச்சத்தை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு கத்தல்தான்.

முதலாளியின் மூக்கு

முப்பது நாளைக்கு மேல் ஒழுங்காகப் போயிற்று. கை தாடை வரை வந்தது. காதுக்கு வர மறுத்தது. தினமும் குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன்னால் நின்று காதைத் தொடப் பார்ப்பாள். நான் வேறு எங்கேயோ பார்க்கிற மாதிரி நின்றுகொண்டிருப்பேன்.

முப்பத்தேழாவது நாள், வெள்ளிக்கிழமை, முதலாளி வண்டியில் ஏறினார். நல்ல மனுஷர், ஆனால் அவருடைய மூக்கு பொல்லாதது. மூட்டைக்குள் கருவாடு இருந்தால் அது எந்த மீன் என்று சொல்லிவிடுவார். ஏறின உடனே, “என்னவே, பஸ்ஸுக்குள்ள சீயக்கா வாசம்?” என்றார். சீட்டுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த குழாயை எடுத்துக் காட்டி, உள்ளதைச் சொன்னேன். என்ஜின் மூடியைத் திறந்து ஒன்பது சுற்றையும் எண்ணிப் பார்த்தார். சோதனைக்கு வருகிற அதிகாரி இதைப் பார்த்தால் பெர்மிட் என்ன ஆவது என்று கேட்டார். அவர் பயம் நியாயமான பயம். திங்கட்கிழமைக்குள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்றார். சுடலைமுத்து அண்ணாச்சி கரிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து, “ஐயா, அந்தப் பிள்ளைக்கு இன்னும் பதினோரு நாளுதான். நடுவுல விட்டா மொதல்ல இருந்து வரணுமாம்” என்று கும்பிட்டார். முதலாளி அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “பஸ்ஸுன்னா ஆள ஏத்தணும்வே, ஆளக் குளிப்பாட்டப்படாது.”

எண்ணெய்க் கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டு வரலாம் என்று கோமதியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். நடுவில் விட்டால் வேறு வழி உண்டா என்று கேட்டோம். இல்லை என்றார். திரும்பி வந்து முன் சீட்டில் உட்கார்ந்தவள் மணிக்கட்டுக் காப்பைத் திருகிக்கொண்டே இருந்தாள். முதலாளியும் அன்று வந்திருந்தார். சீட்டுகளுக்கெல்லாம் புது மெத்தை தைத்துப் போட்டிருந்தார்; ஜனங்கள் அதில் எப்படி உட்காருகிறார்கள் என்று பார்க்க அவருக்கு ஆசை.

காலையில் திருவேங்கடம் பக்கத்திலிருந்து காட்டு வேலை பார்க்கிற ஒரு சம்சாரிக் குடும்பம், பெண்களும் ஆண்களுமாக இருபது பேருக்கு மேல் வந்திருந்தது; நாங்கள்தான் கொண்டுவந்து இறக்கினோம். கரிசல்காட்டு ஜனங்கள், குற்றாலத்துக்கு அதுதான் முதல் தடவை. அருவியில் குளிக்க வருகிறவர்களுடைய வழக்கம் உங்களுக்குத் தெரியும்: முதலில் உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய், அப்புறம்தான் அருவிப் பக்கம் முகத்தைத் திருப்புவது. ஒரு பாத்திரம் எண்ணெயையும் தேய்த்து ஊறவைத்து அவர்கள் எழுந்தபோது மலை மேல் எங்கேயோ பெய்த மழை இறங்கிவிட்டது. அருவி செம்மண் நிறத்தில் மரக்கிளையும் கல்லுமாகக் கொட்டியது. போலீஸ்காரர் கயிறு கட்டிவிட்டார். அத்தனை பேரும் எண்ணெய் சொட்டச் சொட்ட, சாரல் காற்றில் பல் கிட்டி, பஸ்ஸைப் பார்த்து ஓடி வந்தார்கள். முதலாளி படியில் ஏறி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“அண்ணாச்சி, தென்காசியில ரயிலு போயிரும்!” என்றார் கூட்டத்தில் பெரியவர்.

“எனக்கு இங்கன சீட்டு போயிரும்வே!” என்றார் முதலாளி.

பெண்கள் நடுங்கினார்கள். ஒரு பெரியம்மாளுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. முதலாளி அதைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார், கனைத்துக்கொண்டார். “அந்தக் கருமத்தக் கழத்தியாச்சா?” என்று என்னைக் கேட்டார்.

“நாளைக்குத்தான முதலாளி திங்கக்கிழம?”

பிறகு நடந்தது எல்லாமே வேகமாக நடந்தது. பக்கத்துச் சத்திரத்துக் கிணற்றிலிருந்து ஆண்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றினார்கள். கூரை மேல் அண்ணாச்சி வாங்கி வாங்கி டிரம்மில் ஊற்றினார். முதலாளியே ஒரு மூட்டைக் கரியைப் பிரித்துப் பீப்பாயில் தட்டினார். அவர்களுடைய ஜமுக்காளங்களைக் கட்டி மறைப்பு உண்டாக்கினோம். பெண்கள் முதலில். சீயக்காய் கரைத்துக் கொடுக்கவும் குழாயைப் பார்த்துக்கொள்ளவும் கோமதி உள்ளே போனாள். நான் முன்னால் சீட்டில், சாலையைப் பார்த்துக்கொண்டு, கால் ஆக்சிலேட்டரில். பக்கத்துக் கண்ணாடியில் ஜமுக்காளத்தின் மேல் விளிம்பும் அதற்கு மேலே கொக்கியில் தொங்குகிற பூவாளி மூக்கும் மட்டும் தெரிந்தன.

ஐந்தாறு பேர் குளித்திருப்பார்கள். வழுக்கின யாரோ குழாயைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். கொக்கி பிய்ந்து, பூவாளி மூக்கு மறைப்புக்குள் விழுந்தது. உள்ளே கூச்சல். தொலைந்தது என்று நினைத்தேன். அதற்குள் ஜமுக்காளத்துக்கு மேலே ஒரு கை எழுந்தது. பூவாளி மூக்கைப் பிடித்துக்கொண்டு, முழங்கை நிமிர, கொக்கி இருந்த இடத்துக்கே எழுந்து அங்கேயே நின்றது. அதன் மணிக்கட்டில் செம்புக் காப்பு.

தாடையைத் தாண்டி, காதைத் தாண்டி, தலைக்கு மேலே. அவளுக்கு அது தெரியவே இல்லை; யாரோ ஒரு பெரியம்மாளின் முதுகு நடுங்குகிறது என்பதுதான் தெரிந்திருந்தது. எனக்குக் கண்ணாடி கலங்கிப் போயிற்று. சாரலில் நனைந்த கண்ணாடி என்று அண்ணாச்சியிடம் பிற்பாடு சொன்னேன். கால் எப்போது ஆக்சிலேட்டரை விட்டதென்று தெரியாது. என்ஜின் இரும ஆரம்பித்தது. கை அசையாமல் அப்படியே மேலே நிற்க, மறைப்புக்கு உள்ளேயிருந்து கோமதியின் குரல் குற்றாலத்துக்கே கேட்டது: “அங்கன என்ன ஒறங்குதியளா? மிதிங்க, தண்ணி ஆறுது!”

திங்கட்கிழமை போயிற்று, அடுத்த திங்கட்கிழமையும் போயிற்று. குழாயைக் கழற்றும் பேச்சை முதலாளி எடுக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. நாற்பத்தெட்டு நாளும் நிறைந்த மறுநாள் காலையில் கோமதி தன் தலையைத் தானே பின்னிக்கொண்டாள். கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் அவிழ்க்கவில்லை. பாவம், பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் எங்கள் வீட்டுச் செய்தி ஒன்றும் கிடைக்காமல் போய்விட்டது.

எத்தனையோ வருஷம் எத்தனையோ ஊருக்கு வண்டியை மிதித்துவிட்டேன்; நிறுத்தி வைத்து மிதித்தபோதுதான் உருப்படியாக ஒரு இடம் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.